மோட்டார் சைக்கிள் இன்ஜின் பாகங்களில் படியும் எண்ணெய் அழுக்கை அகற்றுதல்

மோட்டார் சைக்கிள் இன்ஜினின் வெளிப்புறத்திலும் உட்பாகங்களிலும் நாளடைவில் படியும் எண்ணெய்ப் பிசுக்கு, மண், கரி ஆகியவற்றை உலோகத்துக்குச் சேதமின்றி நீக்குவது இன்ஜின் பராமரிப்பின் முதற்படியாகும். இன்ஜினைப் பிரித்துப் பழுது பார்க்கும் எந்த வேலையும் கழுவுதலில்தான் தொடங்குகிறது. பட்டறையில் தொழில் பழகச் சேரும் இளைஞருக்கு முதலில் தரப்படும் வேலையும் பெரும்பாலும் இதுதான். ஒரு தட்டில் பெட்ரோலை ஊற்றி, பாகங்களை அதில் போட்டு, வெறுங்கையால் பிரஷ் கொண்டு தேய்ப்பது பல இடங்களில் காணப்படும் வழக்கம். எளிதாகத் தோன்றினாலும், கழுவுபவரின் உடல்நலத்துக்கும் இன்ஜினின் ஆயுளுக்கும் ஊரின் நிலத்தடி நீருக்கும் இது ஒருசேரக் கேடு செய்கிறது.

கழுவும் திரவத்தைக் கையில் எடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அழுக்கு எந்த வகை? பாகம் எந்த உலோகம்? கழுவிய கழிவு எங்கே போகும்? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தால் சரியான முறை தானே புலப்படும். இக்கட்டுரை உடுமலைப்பேட்டை வட்டாரச் சூழலை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவற்றை விளக்குகிறது.

அழுக்கு எப்படிச் சேர்கிறது?

இன்ஜினின் உள்ளே மசகு எண்ணெய் ஓடிக்கொண்டே இருக்கிறது. பேக்கிங் நைந்த இடங்களிலும் ஆயில் சீல் தேய்ந்த இடங்களிலும் அது துளித்துளியாகக் கசிகிறது. செயினில் தடவிய எண்ணெய், சுழற்சி வேகத்தில் தெறித்து முன் ஸ்பிராக்கெட் மூடிக்குள் அடைகிறது. ஈரமான இந்த எண்ணெய்ப் பரப்பில் சாலைத் தூசி ஒட்டுகிறது. இன்ஜின் சூட்டில் எண்ணெயின் இலகுவான பகுதி ஆவியாகிவிட, எஞ்சியது தார் போல இறுகிவிடுகிறது.

திருப்பூர் மாவட்டத்தின் தென்பகுதியிலுள்ள உடுமலை வட்டாரத்தில் இந்த அழுக்கு சற்று அதிகமாகவே சேரும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் பலத்த காற்று, இப்பகுதியில் காற்றாலைகளை ஓட்டுவதோடு காட்டுமண்ணையும் வாரி இறைக்கிறது. தென்னந்தோப்புகளுக்கும் கயிற்றுத் தொழிற்கூடங்களுக்கும் போய்வரும் வண்டிகளில் தேங்காய் நார்த்தூள் எண்ணெயுடன் கலந்து, கம்பளி போன்ற படலமாகிவிடும். கோழிப்பண்ணைகளுக்கு ஓடும் வண்டிகளிலோ தீவனத்தூளும் உமித்தூளும் சேர்ந்துகொள்ளும்.

அழுக்கை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, வெளிப்பிசுக்கு. எண்ணெயும் மண்ணும் சேர்ந்த கெட்டிப்படலம் இது.

இரண்டாவது, உட்கசடு. எண்ணெய் மாற்றாமல் ஓட்டும்போது இன்ஜினின் அடியில் கருமையாகத் தேங்கும் குழம்பு.

மூன்றாவது, வார்னிஷ் படலம். நெடுநாள் ஓட்டாமல் நிறுத்திய வண்டியின் கார்புரேட்டரில், பெட்ரோல் ஆவியான பின் பழுப்பு நிறத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும்.

நான்காவது, கரி. பிஸ்டன் தலை, சிலிண்டர் ஹெட், புகைபோக்கி வாய் ஆகிய எரியும் இடங்களில் படிவது. எண்ணெயையும் பெட்ரோலையும் கலந்து எரிக்கும் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இது மிகுதி.

முதல் இரண்டும் எண்ணெயைக் கரைக்கும் திரவத்தில் இளகும். மூன்றாவதற்கு அதற்கென உள்ள கார்புரேட்டர் கிளீனர் வேண்டும். நான்காவது எதிலும் எளிதில் கரையாது. ஊறவைத்துச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கரியைக் கரைக்க முயன்று லிட்டர் லிட்டராகப் பெட்ரோலை வீணாக்குவது அழுக்கின் வகை அறியாததால் நேர்வது.

ஏன் அகற்ற வேண்டும்?

அழகுக்காக மட்டுமன்று. காற்றால் குளிரும் இன்ஜின்களில் சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளே வெப்பத்தை வெளியேற்றுகின்றன. எண்ணெயும் மண்ணும் சேர்ந்த படலம் அலுமினியத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். தகடுகளின் இடைவெளி அடைபட்டால் காற்றும் புகாது. இன்ஜினுக்குக் கம்பளி போர்த்தியது போலாகிவிடும்.

இரண்டாவது காரணம், கசிவு எங்கிருந்து வருகிறது என்பதை அழுக்கு மறைத்துவிடும். கழுவித் துடைத்து, சில கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தால்தான் எண்ணெய் கசியும் இடம் கண்ணுக்குத் தெரியும். விரிசல்களும் அப்போதுதான் தெரியும்.

மூன்றாவது காரணம் மிக முக்கியமானது. வெளியே அழுக்கோடு இருக்கும் இன்ஜினைத் திறந்தால் அந்த மண் உள்ளே விழும். பிஸ்டனுக்கும் சிலிண்டர் போருக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். அங்கே போய்ச் சேரும் மணல் துகள், புதிதாகப் போட்ட ரிங்குகளையும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். எனவே திறக்கும் முன் ஒருமுறை, திறந்த பின் ஒருமுறை என இருமுறை கழுவ வேண்டும்.

கழுவுதலின் அறிவியல்

எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் கொங்கு நாட்டு வீடுகளில் அரப்பு கரைத்துத் தலைக்குத் தேய்ப்பார்கள். வெறும் தண்ணீரில் போகாத எண்ணெய் அரப்பில் போய்விடும். அரப்பு இலையிலும் சீயக்காயிலும் உள்ள சப்போனின் என்னும் பொருளின் மூலக்கூறு, ஒரு முனையால் எண்ணெயையும் மறுமுனையால் நீரையும் பற்றிக்கொள்கிறது. எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறி நீரோடு வெளியேறுகிறது. சோப்பும் சலவைத்தூளும் கடைகளில் விற்கும் டீகிரீசரும் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன.

மற்றொரு வழி, எண்ணெயை எண்ணெயாலேயே கரைப்பது. இன்ஜின் எண்ணெய், மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் யாவும் கச்சா எண்ணெயிலிருந்து வந்த ஹைட்ரோகார்பன்கள். ஒத்த தன்மையுடையவை ஒன்றையொன்று கரைக்கும். கையில் ஒட்டிய பலாப்பால் தண்ணீரில் போகாமல் தேங்காய் எண்ணெயில் போவதும் இதனால்தான்.

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் செய்தி ஒன்று உண்டு. காஸ்டிக் சோடா, தேங்காய் எண்ணெய் போன்ற தாவர எண்ணெய்களுடன் சேர்ந்து அவற்றைச் சோப்பாக மாற்றும். சோப்புத் தயாரிப்பே அதுதான். இன்ஜின் எண்ணெயோ கனிம எண்ணெய். அது காரத்துடன் சேர்ந்து சோப்பாக மாறாது. எனவே சோடாவை அதிகமாகப் போட்டால் இன்ஜின் எண்ணெய் நன்றாகப் போகும் என்ற எண்ணம் சரியன்று.

தண்ணீரின் தன்மையும் கருதத்தக்கது. கொங்குப் பகுதியின் பல ஆழ்துளைக் கிணறுகளில் கிடைப்பது கடின நீர். அதில் சாதாரணச் சோப்பு நுரைக்காமல் திரிந்து வெள்ளைக் கசடாகும். செயற்கைச் சலவைத்தூள் கடின நீரிலும் வேலை செய்யும். கடைசியாக அலசுவதற்கு மட்டுமாவது நல்ல தண்ணீரைப் பயன்படுத்தினால், உலர்ந்தபின் அலுமினியத்தில் உப்புப் பூத்த வெண்திட்டுகள் தோன்றா.

இரும்பும் அலுமினியமும்

இந்தியாவில் மோட்டார் சைக்கிள்களின் இன்ஜின் உலோகம் மாறிவந்த கதையை அறிந்தால் பழைய கழுவும் முறைகள் இன்று ஏன் பொருந்தவில்லை என்பது விளங்கும். மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. சென்னை திருவொற்றியூரில் உருவான புல்லட் வண்டியின் சிலிண்டர், நெடுங்காலம் வார்ப்பிரும்பால் ஆனது. இன்றும் அதனை ரசிகர்கள் 'காஸ்ட் அயர்ன் இன்ஜின்' என்றே அழைக்கிறார்கள். ஆனால் அதிலும் சிலிண்டர் ஹெட்டும் கிராங்க் கேஸும் அலுமினியக் கலவைதான். 1980களில் ஓசூரிலிருந்தும் வட இந்தியாவிலிருந்தும் வந்த 100 சிசி ஜப்பானிய வகை வண்டிகளோடு இலகுவான அலுமினிய இன்ஜின்கள் பரவின. இன்றைய வண்டிகளில் இன்ஜினின் வெளிப்பாகம் ஏறத்தாழ முழுவதும் அலுமினியக் கலவையே.

லாரி, டிராக்டர் இன்ஜின்களின் இரும்பு பிளாக்குகளைச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துக் கழுவுவது உலகெங்கும் பழைய முறை. இரும்பு அதைத் தாங்கும். அலுமினியம் தாங்காது. அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே மெல்லிய ஆக்சைடு படலம் உண்டு. அதுவே அதன் கவசம். காஸ்டிக் சோடா முதலில் அந்தக் கவசத்தைக் கரைக்கிறது. பின் உலோகத்தையே தின்கிறது. சோடியம் அலுமினேட்டும் ஹைட்ரஜன் வாயுவும் உண்டாகின்றன. பள்ளி வேதியியலில் படித்த இதே வினைதான் பட்டறை வாளியில் பொங்கி நுரைக்கிறது. பாகம் கருத்து, சொரசொரப்பாகி, தாங்கிகள் உட்காரும் துளைகளின் அளவே மாறிவிடும். வெளியாகும் ஹைட்ரஜன் எளிதில் தீப்பற்றும்.

எனவே விதி எளிது. காஸ்டிக் சோடா இரும்புக்கு மட்டும். டூ ஸ்ட்ரோக் வண்டியின் இரும்புச் சைலன்சரில் அடைத்த கரியை எடுக்க அதைப் பயன்படுத்தலாம். பிஸ்டன், ஹெட், கிராங்க் கேஸ், கார்புரேட்டர் ஆகியவற்றின் அருகில்கூடக் கொண்டுபோகக் கூடாது. சோடாவை அலுமினியப் பாத்திரத்தில் கரைக்கவும் கூடாது. கரைக்கும்போது தண்ணீரில் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் சூடாகித் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகக்கூடிய பொருள் இது. கண்ணாடியும் ரப்பர் கையுறையும் கட்டாயம். தப்பித்தவறிக் கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்து, பின் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இன்ஜின் மூடிகளைப் பளபளக்கச் செய்யக் கழிவறை ஆசிட் ஊற்றுவதும் உண்டு. அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அலுமினியத்தை அரிக்கும். அருகிலுள்ள இரும்புத் திருகுகளையும் துருப்பிடிக்க வைக்கும். ஒரு வாரப் பளபளப்புக்காக ஒரு மூடியை இழக்க வேண்டியதில்லை.

பெட்ரோல் ஏன் கூடாது?

பெட்ரோல் வேகமாகக் கரைக்கும், வேகமாக உலரும், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அதனால்தான் இவ்வழக்கம் வேரூன்றியது. அதன் ஆபத்துகள் மூன்று.

முதலாவது தீ. ஒரு திரவத்தின் ஆவி தீப்பற்றக்கூடிய குறைந்தபட்ச வெப்பநிலையை அதன் தீப்பற்றுநிலை என்பர். பெட்ரோலுக்கு அது உறைபனிக்கும் கீழே சுமார் 40 பாகை செல்சியஸ். அதாவது நம் ஊரின் எந்தப் பருவத்திலும், எந்த நேரத்திலும் தட்டிலுள்ள பெட்ரோல் தீப்பற்றத் தயாராகவே இருக்கிறது. அதன் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையோடு தரையாகப் பரவி, அடுத்த அறையிலுள்ள தீயை எட்டும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு ஆவி இருந்தாலே போதும். கிரைண்டர் பொறி, கம்ப்ரசர் சுவிட்ச், பீடி ஆகியவை மட்டுமல்ல, காலையில் படத்துக்கு ஏற்றும் விளக்கும் ஊதுபத்தியும்கூட அதைப் பற்றவைக்கும். ஆயுத பூசைக்கு முதல்நாள் பட்டறையையும் கருவிகளையும் பெட்ரோலால் துடைத்துவிட்டு, ஆவி கலையும் முன் சூடம் ஏற்றுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டாவது நச்சு. பெட்ரோலில் பென்சீன் உள்ளது. இது மனிதருக்குப் புற்றுநோய், குறிப்பாக இரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிசெய்துள்ளது. இந்தியாவில் இன்றைய பி.எஸ். 6 தரப் பெட்ரோலில் பென்சீன் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. அளவு குறைக்கப்பட்டுள்ளதே தவிர நீக்கப்படவில்லை. நாள்தோறும் முகத்தருகே வைத்துக் கழுவுபவர் அதைச் சுவாசித்துக்கொண்டே இருக்கிறார். 2000 பிப்ரவரி வரை நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோலும் விற்கப்பட்டது. தோல் வழியே உடலுக்குள் புகும் அந்த ஈயச் சேர்மத்தில் அக்காலத்து மெக்கானிக்குகள் வெறுங்கையை நனைத்தார்கள்.

மூன்றாவது தோல். பெட்ரோல் தோலின் இயற்கையான எண்ணெயையும் சேர்த்துக் கரைத்துவிடும். தோல் வறண்டு, வெடித்து, அரிப்பும் புண்ணும் வரும். வெடித்த தோல் வழியே மற்ற நச்சுகள் இன்னும் எளிதாக உள்ளே போகும்.

இதோடு இயந்திர வகையிலும் ஒரு குறை உண்டு. பெட்ரோல் உலர்ந்தபின் இரும்புப் பாகத்தில் காப்பு எண்ணெய் எதுவும் மிஞ்சுவதில்லை. ஈரக்காற்றில் ஓரிரவிலேயே துரு பூக்கும். ரப்பர் சீல்களும் பெட்ரோலில் ஊறினால் உப்பிவிடும்.

மாற்றுகள்

தண்ணீரில் கலக்கும் டீகிரீசர்: வீட்டுப் பயன்பாட்டுக்கு முதல் தெரிவு இதுவே. தீப்பற்றாது. வாங்கும்போது 'அலுமினியத்துக்கு ஏற்றது' என்று அச்சிடப்பட்டிருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். காரம் மிகுந்தவை அலுமினியத்தைக் கருக்கும்.

மண்ணெண்ணெய், டீசல்: கெட்டிப்பிசுக்கை நன்கு இளக்கும். மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்வதால் துரு தடுக்கப்படும். மண்ணெண்ணெயின் தீப்பற்றுநிலை இந்தியத் தரப்படி 35 பாகை செல்சியஸுக்குக் குறையக்கூடாது. பெட்ரோலைவிட இது மிகவும் பாதுகாப்பானது. ஆயினும் சித்திரை வெயிலில் நம் பகுதியின் வெப்பநிலை அந்த அளவைத் தாண்டும். ஆகவே நிழலில், காற்றோட்டமான இடத்தில், தீயின்றி மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

சலவைத்தூள் கலந்த வெந்நீர்: மண்ணெண்ணெயில் கழுவியபின் எஞ்சும் படலத்தை எடுக்க ஏற்றது. கை பொறுக்கும் சூடு போதும்.

மீயொலிக் குளியல்: ஒலியலைகளால் நீரில் நுண்குமிழிகளை உண்டாக்கி, அவை வெடிக்கும் விசையால் அழுக்கைப் பெயர்க்கும் கருவி. கார்புரேட்டரின் நுண்துளைகளுக்குச் சிறந்தது. பெரிய பட்டறைகளில் பயன்படுகிறது.

மணல் வீச்சு முறையை இன்ஜின் உட்பாகங்களுக்குத் தவிர்க்க வேண்டும். எண்ணெய்த் துளைகளில் சிக்கும் ஒரு சில மணல் துகள்களே மறுபடி பூட்டிய இன்ஜினைக் கெடுக்கப் போதும். மணல்தூளைச் சுவாசிப்பவருக்குச் சிலிக்கோசிஸ் என்னும் தீராத நுரையீரல் நோய் வரும்.

வண்டியிலிருக்கும் இன்ஜினைக் கழுவும் முறை

1. இன்ஜின் நன்கு ஆறியிருக்க வேண்டும். சூடான உலோகத்தில் குளிர்நீர் பட்டால் விரிசல் வரலாம். டீகிரீசரும் உடனே காய்ந்து கறையாகும்.

2. சைலன்சர் வாய், ஏர் ஃபில்டர் வாய், சாவித் துவாரம், மின் இணைப்புகள் ஆகியவற்றைப் பாலித்தீன் பையால் மூடிக் கட்ட வேண்டும்.

3. திரவம் எதுவும் ஊற்றும் முன், கெட்டி அழுக்கை மரச்சில்லால் சுரண்டி, துணியால் துடைத்து எடுக்க வேண்டும். அழுக்கின் பெரும்பகுதி இப்படியே வந்துவிடும். இந்தப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

4. டீகிரீசரைப் பூசி, 5 முதல் 10 நிமிடம் ஊறவிட்டு, பழைய பல்துலக்கி அல்லது பெயிண்ட் பிரஷால் தகடுகளுக்கிடையே தேய்க்க வேண்டும். காயவிடக் கூடாது.

5. வாளித் தண்ணீராலோ மெல்லிய குழாய்த் தண்ணீராலோ அலச வேண்டும். வாட்டர் சர்வீஸ் நிலையங்களின் உயர் அழுத்தப் பீச்சலை ஆயில் சீல், சக்கரத் தாங்கி, மின் இணைப்பு ஆகியவற்றுக்கு அருகில் காட்டினால் தண்ணீர் உள்ளே புகும்.

6. துடைத்து, மூடிய பைகளை எடுத்து, வண்டியைச் சற்று ஓட்டி உலர்த்த வேண்டும். செயினுக்கு மறுபடி எண்ணெய் இட வேண்டும். பிரேக்கில் எண்ணெய்ப்பசை இல்லை என்பதை மெதுவாக ஓட்டி உறுதிசெய்ய வேண்டும்.

பிரித்த பாகங்களைக் கழுவும் முறை

இரண்டு தட்டுகள் வேண்டும். முதல் தட்டில் ஏற்கெனவே பயன்படுத்திய மண்ணெண்ணெய், இரண்டாவதில் புதியது. பாகத்தைச் சுரண்டித் துடைத்தபின் முதல் தட்டில் கழுவி, பின் இரண்டாவதில் கழுவ வேண்டும். ஒரே தட்டில் எல்லாவற்றையும் கழுவினால், கிளச் மூடியின் மண் கிராங்கின் தாங்கிக்குப் போய்விடும். வெளிப்பாகங்களையும் உட்பாகங்களையும் ஒருபோதும் சேர்த்துக் கழுவக்கூடாது.

அதன்பின் வெந்நீரில் சலவைத்தூள் கலந்து தேய்த்து, நல்ல நீரில் அலசி, உடனே உலர்த்த வேண்டும். இரும்புப் பாகங்களுக்கு உலர்ந்த கையோடு இன்ஜின் எண்ணெய் தடவ வேண்டும்.

ஒவ்வொரு பாகத்துக்கும் தனிக் கவனம் உண்டு.

பேக்கிங் உட்காரும் பரப்பு: பழைய பேக்கிங்கை இரும்புக் கத்தியால் சுரண்டினால் கோடு விழும். அந்தக் கோடு வழியே எண்ணெய் கசியும். மரம், பிளாஸ்டிக் அல்லது பித்தளைச் சுரண்டியே ஏற்றது.

பிஸ்டன்: தலையிலுள்ள கரியை ஊறவைத்து மரச்சில்லால் எடுக்கலாம். ரிங் பள்ளங்களில் உள்ள கரியை உடைந்த பழைய ரிங் துண்டால் மெதுவாக எடுப்பது வழக்கம். பள்ளத்தின் விளிம்பு தேயாமல் பார்க்க வேண்டும்.

தாங்கிகள்: கழுவியபின் கம்ப்ரசர் காற்றால் சுழலவிட்டு உலர்த்துவது விளையாட்டாகத் தோன்றும். எண்ணெயின்றி அதிவேகத்தில் சுழன்று குண்டுகள் சேதமாகும். சிதறிக் காயமும் உண்டாகலாம்.

கார்புரேட்டர் ஜெட்: பித்தளையால் ஆன இதன் துளையில் கம்பி விடக்கூடாது. துளை இம்மியளவு பெரிதானாலும் பெட்ரோல் அளவு மாறும். கார்புரேட்டர் கிளீனரும் காற்றும் போதும்.

எண்ணெய்த் துளைகள்: ஒவ்வொன்றிலும் காற்றை ஊதி, மறுமுனையில் வருகிறதா எனப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் இன்ஜினைப் பூட்டக்கூடாது.

துடைக்கும் துணியிலும் தேர்வு உண்டு. நூல் வேஸ்ட் இழைகளை உதிர்க்கும். அவை எண்ணெய் வடிகட்டியை அடைக்கும். திருப்பூரிலிருந்து வரும் பனியன் வேஸ்ட் துணியில் இழை உதிர்வது குறைவு. எண்ணெயை உறிஞ்சுவதும் அதிகம். எண்ணெய் தோய்ந்த துணிகளை மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வைக்க வேண்டும்.

கழுவுபவரின் பாதுகாப்பு

நைட்ரைல் கையுறை அணிய வேண்டும். மருத்துவமனைகளில் பயன்படும் லேடெக்ஸ் கையுறை மண்ணெண்ணெயிலும் பெட்ரோலிலும் உப்பிக் கிழிந்துவிடும். பழைய இன்ஜின் எண்ணெயில் எரிதலின்போது உண்டான நச்சுச் சேர்மங்களும் உலோகத்துகளும் உள்ளதால், கழுவும் திரவம் எதுவானாலும் கையுறை தேவை.

வேலை முடிந்து கையைப் பெட்ரோலில் கழுவும் பழக்கத்தை விட வேண்டும். சிறிது தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, துணியால் துடைத்து, பின் சோப்புப் போட்டால் பிசுக்கு முழுவதும் போகும். தோலும் வறளாது.

அருகில் மணல் வாளியும் உலர்தூள் தீயணைப்பானும் இருக்க வேண்டும். எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும்.

மண்ணெண்ணெயைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தைகள் தண்ணீர் என்று எண்ணிக் குடிக்கும் விபத்துகள் நம் நாட்டில் அடிக்கடி நிகழ்கின்றன. அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாந்தியோடு மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போவதே உயிருக்கு ஆபத்து. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இந்தியச் சட்டப்படி 14 வயது நிறையாதவரை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பின் உதவுவது போன்ற சில விலக்குகளே உண்டு. அத்தகைய குடும்பப் பட்டறையிலும் கழுவும் தட்டைச் சிறுவரிடம் ஒப்படைக்கக் கூடாது. வளரும் உடலுக்கு இந்த ஆவி மேலும் கேடு.

கழிவு எங்கே போகிறது?

மோட்டார் சைக்கிளில் ஒருமுறை எண்ணெய் மாற்றும்போது சுமார் ஒரு லிட்டர் கழிவு எண்ணெய் வருகிறது. ஒரு காரின் ஒருமுறைக் கழிவு எண்ணெய் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்கிட்டுள்ளது. சிறு அளவும் பெருங்கேடு செய்யும் என்பதற்கு இது சான்று.

உடுமலை வட்டாரம், பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் வாய்க்கால் நீரையும் அமராவதி நீரையும் கிணறுகளையும் நம்பி வாழும் ஊர். பட்டறைச் சாக்கடை மழைநாளில் ஓடையில் சேர்ந்து, வயலையும் கிணற்றையும் எட்டும். கழிவுநீரைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அறிய இம்மாவட்டத்தார் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சாயக்கழிவால் நொய்யல் ஆறு பாழானதும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னதும் அண்மைக்கால வரலாறு. பட்டறைக் கழிவின் அளவு அதனோடு ஒப்பிடத்தக்கதன்று. ஆனால் பாடம் ஒன்றே.

பின்பற்றத்தக்க எளிய முறை இது. கழுவிய மண்ணெண்ணெயை மூடியுள்ள கேனில் ஒருநாள் அசையாமல் வைத்தால் மண் அடியில் தங்கும். தெளிந்ததை வடித்து, அடுத்த முறை முதல் தட்டுக்குப் பயன்படுத்தலாம். அடிக்கசடைத் தனி டப்பாவில் சேர்க்க வேண்டும். எண்ணெயும் தண்ணீரும் கலந்த கழிவைத் தேக்கினால் எண்ணெய் மேலே மிதக்கும், எடுத்துவிடலாம். ஆனால் சலவைத்தூள் கலந்த நீரில் எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறிவிடுவதால் எளிதில் பிரியாது. ஆகவேதான் முதலில் சுரண்டித் துடைப்பது, பின் மண்ணெண்ணெய், கடைசியில் சலவைநீர் என்ற வரிசை முக்கியமாகிறது. கடைசி நீரில் எண்ணெய் மிகக் குறைவாகவே இருக்கும்.

2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெய் அனுமதி பெற்ற மறுசுழற்சியாளரிடமே போய்ச்சேர வேண்டும். எண்ணெய் உற்பத்தியாளர்களுக்கும் அதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு 2024 ஏப்ரல் முதல் உண்டு. வீட்டில் சேர்ந்த எண்ணெயை, கழிவு எண்ணெய் சேகரிக்கும் சர்வீஸ் நிலையத்தில் கொடுக்கலாம். கரையானுக்கு என்று வேலிக்காலுக்கும் தென்னை அடிக்கும் ஊற்றுவதும், அடுப்பெரிக்கப் பயன்படுத்துவதும் தவறு. மண்ணில் ஊற்றியது மண்ணிலேயே நின்றுவிடுவதில்லை.

தொகுப்பு

இன்ஜின் பாகங்களைக் கழுவுவதில் முதல் வேலை திரவத்தினுடையதன்று, மரச்சில்லும் துணியும் செய்யும் வேலை அது. எண்ணெய்ப் பிசுக்குக்கு டீகிரீசர் அல்லது மண்ணெண்ணெய், கரிக்கு ஊறலும் சுரண்டலும், காஸ்டிக் சோடா இரும்புக்கு மட்டும், பெட்ரோல் எரிபொருளாக மட்டும். தொழில் பழக வரும் இளைஞரின் கையில் முதல்நாளே ஸ்பேனருக்கு முன்பாக ஒரு ஜோடி கையுறையைக் கொடுப்பது அவருக்குச் சொல்லித்தரும் முதல் பாடமாக அமையும்.